விலை கேட்கும் முன் உறுதியைக் கேளுங்கள்

வன்னியில் முதல் வீட்டுக்குக் காணி தேடும் இளம் குடும்பங்கள் பெருகியிருக்கின்றன. ஆசிரியர்கள், தாதியர், ஆடைத் தொழிற்சாலை ஊழியர்கள், சிறு கடைக்காரர்கள் என்று பலரும் சீட்டுப் பிடித்தும் நகையை அடகு வைத்தும் முற்பணம் சேர்க்கிறார்கள். வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை ஏ-9 வீதியோரம் 'காணி விற்பனைக்கு' என்ற பலகைகளுக்கும் குறைவில்லை. ஆனால் விலைக்கு வரும் காணிகளில் சட்டப்படி விற்கவே முடியாதவையும் கலந்திருக்கின்றன. வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்துவிட்டு வெறுங்கடதாசியோடு நிற்கும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடாது. அதற்காகவே இந்தக் கட்டுரை.

காணியின் ஆவணம் எவ்வளவு பெரிய விடயம் என்பதை 2025ஆம் ஆண்டு வடக்கு முழுவதும் உணர்ந்தது. அவ்வாண்டு மார்ச் 28ஆம் திகதி, காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒரு வர்த்தமானி அறிவித்தல் வெளியானது. யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் ஆதாரத்தோடு முன்வர வேண்டும், இல்லையேல் அது அரச காணியாகக் கொள்ளப்படும் என்றது அந்த அறிவித்தல். அதில் முல்லைத்தீவின் பங்கு 1,703 ஏக்கர், கிளிநொச்சியின் பங்கு 515 ஏக்கர். ஜூன் 27ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பிறகுதான் மக்களுக்கு மூச்சு வந்தது.

பல தலைமுறையாக ஆண்டு அனுபவித்த குடும்பங்களே ஆவணத்தைத் தேடி அலைந்த காலம் அது. புதிதாக வாங்குகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் தெளிவானது. பரப்பு எவ்வளவு என்று கேட்பதற்கு முன், இந்தக் காணிக்கு என்ன ஆவணம் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

உறுதியா, அளிப்பா, பெர்மிட்டா?

வன்னியில் காணிகள் பெரும்பாலும் மூன்று வகைப்படும்.

முதலாவது உறுதிக் காணி. தனியாருக்கு முழு உரித்துள்ளது. நொத்தாரிசு முன்னிலையில் அறுதி உறுதி எழுதி விற்கலாம், வாங்கலாம், வங்கியில் ஈடு வைக்கலாம்.

இரண்டாவது பெர்மிட் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி அரசு குடியிருக்கவும் பயிர் செய்யவும் கொடுத்த அனுமதி இது. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, விசுவமடு என்று குளங்களையும் குடியேற்றத் திட்டங்களையும் சுற்றி வளர்ந்தது வன்னி. அதனால் இங்கு ஊர் ஊராகப் பெர்மிட் காணிகளைக் காணலாம். இதில் நிலம் அரசினுடையது. பெர்மிட்காரருக்கு அதை விற்கும் அதிகாரம் இல்லை.

மூன்றாவது அளிப்புக் காணி. பெர்மிட்டின் நிபந்தனைகளை நிறைவேற்றியவர்களுக்கு வழங்கப்படுவது. சுவர்ணபூமி, ஜயபூமி என்று காலத்துக்குக் காலம் வெவ்வேறு பெயர்களில் வந்தது. பார்வைக்கு உறுதி போலவே இருக்கும். ஆனால் பிரதேச செயலாளரின் எழுத்துமூல முன் அனுமதி இல்லாமல் இதைக் கைமாற்றினால், அந்தக் கைமாற்றம் சட்டத்தின் முன் செல்லாது.

இந்த மூன்றுக்கும் வெளியே, எந்தக் கடதாசியும் இல்லாமல் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். 1977, 1983 வன்செயல்களில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வன்னியில் குடியேறிய குடும்பங்கள் பல, காட்டை வெட்டி ஊராக்கிய பின்னும் நெடுங்காலம் பெர்மிட் கூட இல்லாமல் இருந்தன. அவர்களுக்கு முதலில் கிடைக்க வேண்டியது குடியிருக்கும் நிலத்துக்கான ஆவணம். அந்த நிலத்தைத் தரகர் சொல்லைக் கேட்டு இன்னொருவர் காசு கொடுத்து 'வாங்குவது' இரு தரப்புக்கும் கேடு.

சத்தியக்கடதாசி உறுதியாகாது

பெர்மிட் காணியை விற்க முடியாது என்பது விற்பவருக்கும் தெரியும், தரகருக்கும் தெரியும். ஆகவே சுற்றுவழிகள் உருவாகியிருக்கின்றன. ஒரு சத்தியக்கடதாசியில் 'காணியை இன்னாருக்குக் கையளித்தேன்' என்று எழுதிக் கையொப்பமிடுவார்கள். அல்லது அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுப்பார்கள். அல்லது நீண்டகாலக் குத்தகை என்று ஓர் ஒப்பந்தம் போடுவார்கள். 'ஒரு வருடம் பொறுங்கள், கந்தோரில் பெயரை மாற்றித் தருகிறோம்' என்ற வாக்குறுதியும் கூடவே வரும்.

இவற்றில் எதுவும் வாங்கியவரைச் சொந்தக்காரர் ஆக்காது. பெர்மிட்காரர் இறந்தால் அந்தக் காணியின் உரிமை, அவர் பதிந்து வைத்த பின்னுரித்தாளருக்கோ சட்டம் சொல்லும் வாரிசுக்கோ போகும். சத்தியக்கடதாசி வைத்திருப்பவருக்குப் போகாது. அற்றோணித் தத்துவமும் பொதுவாக அதை எழுதிக் கொடுத்தவரின் மரணத்தோடு முடிந்துவிடும். பெர்மிட்காரரின் பிள்ளை வெளிநாட்டிலிருந்து வந்து 'இது அப்பாவின் காணி' என்று கேட்டால், வீடு கட்டிக் கிணறு வெட்டியவர் பதில் சொல்ல முடியாமல் நிற்பார்.

'பத்து வருடம் இருந்தால் காணி எனக்கு' என்ற நம்பிக்கையும் ஊரில் பரவலாக உண்டு. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம் தனியார் காணிக்கே அந்த வாய்ப்பைத் தருகிறது. அரச காணிக்கு எதிராக ஆண்டுக்கணக்கு ஓடாது. போரால் இடம்பெயர்ந்தவர்களின் உரிமையைக் காப்பதற்காக 2016ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சிறப்புச் சட்டமும் கொண்டுவரப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை தம் காணிக்கு வர முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கிடக்கூடாது என்பதே அதன் நோக்கம். வழக்குத் தொடர இரண்டு ஆண்டுகளே கொடுக்கப்பட்டதால் பலருக்கு அது பயன்படாமல் போனது வேறு கதை. போர்க்கால ஆட்சியைக் காட்டி உரிமை பேசும் எவரிடமும் காணி வாங்கத் தயங்குங்கள்.

முப்பது ஆண்டுத் தேடல் இங்கே போதாது

உறுதிக் காணி என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. காணிப் பதிவகத்தில் தோம்பு பார்த்து, முப்பது ஆண்டுகளுக்கு யாரிடமிருந்து யாருக்குக் காணி போனது என்று உறுதிப்படுத்துவது சட்டத்தரணிகளின் வழக்கம். வன்னியில் முப்பது ஆண்டு பின்னோக்கிப் போனால் 1990களின் நடுப்பகுதியில், போரின் நடுவில் போய் நிற்போம். 1996இல் கிளிநொச்சி நகரமே வெறிச்சோடியது. அடுத்த ஆண்டு இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கி, வவுனியா வடக்கிலிருந்து ஊர்கள் அடுக்கடுக்காக இடம்பெயர்ந்தன. அந்தக் காலத்தில் எழுதப்பட்ட உறுதிகள் பல பதிவுக்கு வரவேயில்லை. இடப்பெயர்வுகளில் உறுதிகள் தொலைந்தன. சில இடங்களில் ஊரில் இல்லாதவரின் பெயரில் ஆள்மாறாட்டம் செய்தும் உறுதி எழுதியிருக்கிறார்கள்.

எனவே தேடலைப் போருக்கு முந்திய காலம் வரை கொண்டுபோகச் சொல்லுங்கள். உறுதியில் உள்ள கடைசி இரண்டு மூன்று உரிமையாளர்கள் அல்லது அவர்களின் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று ஊரில் விசாரியுங்கள். அயற்காணிக்காரர் இருவரிடமாவது பேசுங்கள். தோம்பில் வராத வில்லங்கம் சில வேளை அயலாரின் வாயில் வரும்.

உறுதி எழுதிய கையோடு பதிவு செய்வதும் முக்கியம். ஒரே காணியை இருவருக்கு விற்ற வழக்கில் பதிவில் முந்தியவருக்கே சட்டம் வலுச் சேர்க்கும். பதிவிலக்கத்தைக் கையில் பெறும் வரை காரியம் முடிந்ததாக எண்ண வேண்டாம்.

மனைவியின் கையொப்பம், கணவனின் சம்மதம்

வடமாகாணத் தமிழர் பலருக்குத் தேசவழமைச் சட்டம் பொருந்தும். அதன்கீழ் வரும் திருமணமான பெண், தன் பெயரில் உள்ள சீதனக் காணியைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண்கள் ஏராளமாக வாழும் மண்ணில் இது எவ்வளவு பெரிய பாரம் என்று சொல்லத் தேவையில்லை. அவர்கள் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி பெற்றே விற்க முடியும். அந்த அனுமதி இல்லாமல் வாங்கியவரின் உறுதி பின்னாளில் ஆட்டம் காணும். விற்கும் பெண்ணும் அவசரத்தில் காணியை அரை விலைக்கு இழப்பார்.

பங்குக் காணி என்றால் இன்னொரு படி உண்டு. 1947ஆம் ஆண்டின் தேசவழமை முன்கொள்வனவுச் சட்டப்படி, வெளியாளுக்கு விற்பதற்கு முன் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் முறைப்படி அறிவித்தல் கொடுக்க வேண்டும். அண்ணன் விற்றதைத் தம்பி நீதிமன்றத்தில் கேள்வி கேட்கும் வழக்குகளுக்கு இதுவே வாசல். உங்கள் காணிக்குத் தேசவழமை பொருந்துமா என்பதை நொத்தாரிசிடம் முதல் நாளே கேளுங்கள்.

பெர்மிட் காணிகளின் வாரிசு உரிமையில் ஆண் பிள்ளைக்கு முன்னுரிமை கொடுத்த பழைய ஏற்பாடு 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு நீங்கியது. குடும்பத்தின் முதல் வீட்டைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதுவதை வழக்கமாக்குவது அதன் அடுத்த படியாக இருக்கட்டும்.

வெளிநாட்டுப் பணம், உள்ளூர்ப் பெயர்

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் அண்ணன் பணம் அனுப்ப, ஊரில் இருக்கும் மருமகன் பெயரில் காணி எழுதுவது வன்னியில் சாதாரணம். இதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. 2014ஆம் ஆண்டு 38ஆம் இலக்கச் சட்டப்படி, இரட்டைக் குடியுரிமை பெறாத வெளிநாட்டுக் குடிமக்கள் இலங்கையில் காணி வாங்குவதற்குத் தடை இருக்கிறது. பெற்றோரிடமிருந்து வாரிசாகப் பெறுவது வேறு விடயம்.

ஆனால் உறுதியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர். 'பணம் என்னுடையது' என்று பத்து ஆண்டு கழித்துச் சொன்னால் உறவு முறியும், வழக்கு நீளும். இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து, அது கிடைத்த பின் சொந்தப் பெயரில் வாங்குவது நல்லது. பணம் உதவியாகவே கொடுக்கப்படுகிறது என்றால், அதை அன்றே எழுத்தில் தெளிவாக்கிவிடுவது இரு வீட்டுக்கும் நிம்மதி.

காணி விலைக்கு அப்பால் உள்ள செலவு

இருபது இலட்சம் ரூபாவுக்குக் காணி பேசிவிட்டு இருபது இலட்சத்தோடு போகிறவர் பாதி வழியில் நிற்பார். முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். இருபது இலட்சத்துக்கு அது 79,000 ரூபா. நொத்தாரிசுக் கட்டணம், தோம்புத் தேடல், நில அளவையாளர் செலவு எல்லாம் தனி. செலவைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதும் பழக்கம் இருக்கிறது. பின்னாளில் கடன் கேட்கும்போதும் இழப்பீடு கேட்கும்போதும் அதே குறைந்த விலை உங்களுக்கு எதிராக நிற்கும்.

வீடு கட்டப் பிரதேச சபை அனுமதி வேண்டும். கிணறு வெட்ட வேண்டும். தண்ணீர் உவரா நன்னீரா என்று அயலாரிடம் கேட்க வேண்டும். மின்கம்பம் எவ்வளவு தூரத்தில் என்று பார்க்க வேண்டும். வீதி ஒதுக்கம், வாய்க்கால் ஒதுக்கம், குளத்து ஒதுக்கம் ஆகியவற்றுக்குள் காணி வருகிறதா என்பதை அந்தந்த அலுவலகத்தில் உறுதிப்படுத்த வேண்டும். வனத் திணைக்களத்தின் எல்லைக் கற்கள் போருக்குப் பிறகு பல ஊர்களின் மேட்டுக்காணிக்குள்ளும் நடப்பட்டிருப்பதை மறக்கக்கூடாது.

வெள்ளத்தையும் கணக்கில் எடுங்கள். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு ஊர்கள் பல நீரில் மூழ்கின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதையும் உலுக்கியது. மாசி, பங்குனியில் காய்ந்து கிடக்கும் காணி எப்போதும் அழகாகத்தான் தெரியும். கார்த்திகை, மார்கழியில் போய்ப் பார்த்தபின் முடிவெடுங்கள்.

கடன் என்னும் இரண்டாவது சுமை

வங்கிகள் வீட்டுக் கடனுக்குத் தெளிவான உறுதியைக் கேட்கின்றன. பெர்மிட்டை ஈடாக ஏற்பது அரிது. ஆகவே பெர்மிட்காரரும் சத்தியக்கடதாசிக்காரரும் நிதி நிறுவனத்தையும் வட்டிக்காரரையும் நாடுகிறார்கள். நுண்கடன் வன்னிப் பெண்களை எந்த அளவுக்கு நெருக்கியது என்பதை நாம் கண்டிருக்கிறோம். வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்களுடைய சிறு கடன்களை 2018இல் அரசே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது.

வங்கிக் கடன் கிடைத்தாலும் வட்டியைக் கவனியுங்கள். முப்பது இலட்சம் ரூபாவை 15 ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 36,000 ரூபா. அதே கடனின் வட்டி 20 சதவீதமானால் தவணை 52,000 ரூபாவைத் தாண்டும். 2022 நெருக்கடியில் கடன் வட்டி 20 சதவீதத்துக்கும் மேலே போனதை நாடு பார்த்தது. வட்டி எத்தனை ஆண்டுக்கு மாறாமல் இருக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தவணை குடும்ப வருமானத்தின் மூன்றில் ஒன்றுக்கு மேல் போக விடாதீர்கள்.

போருக்குப் பின் வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கிடைத்தது. அந்தப் பணத்தில் அளவான வீட்டை முடித்தவர்கள் நிம்மதியாகக் குடியேறினார்கள். அயலாரைப் பார்த்துப் பெரிதாக அத்திவாரம் போட்டவர்கள் கடனாளிகளானார்கள். முதல் வீட்டில் இரண்டு அறையும் நல்ல கூரையும் போதும். மீதியைப் பின்னர் கூட்டிக் கட்டலாம்.

முதலீடு என்று நினைப்பவர்களுக்கு

முதல் வீடு குடியிருக்கத்தான். இருந்தாலும் அதே வீட்டிலிருந்து சிறு வருமானமும் வரலாம். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இயங்குகின்றன. பம்பைமடுவில் 2021 முதல் வவுனியாப் பல்கலைக்கழகம் தனியாக இயங்குகிறது. மாணவர்களும் வெளியூர் உத்தியோகத்தர்களும் வாடகை அறை தேடும் இடங்கள் இவை. தனி வாசலும் தனிக் குளியலறையும் உள்ள ஓர் அறையைச் சேர்த்துக் கட்டினால் தவணையில் ஒரு பகுதியை அது தாங்கும். பராமரிக்க ஆளில்லாமல் பற்றை வளரும் இரண்டாவது காணியை விட, இந்த ஓர் அறை பயன் தரும்.

அரசும் அலுவலகங்களும் செய்ய வேண்டியவை

பெர்மிட் காணிகளுக்கு முழு உரித்துக் கொடுங்கள் என்ற கோரிக்கை நியாயமானது. 20 இலட்சம் உறுதி என்ற வாக்குறுதியோடு 2024 பெப்ரவரியில் தொடங்கிய 'உறுமய' திட்டம் அந்த எதிர்பார்ப்பைக் கிளப்பியது. வன்னியின் ஏழைக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் முழு உரித்து இன்னும் வந்து சேர வேண்டும். அதே வேளை, உறுதி கையில் கிடைத்த மறுநாளே கடன்காரனிடம் காணியை இழக்கும் ஆபத்தையும் நாம் மறைக்கக்கூடாது. விற்க முடியாத சட்டம் பலரை முடக்கியது உண்மை. அதே சட்டம்தான் பல ஏழைகளின் காணியை இன்றுவரை அவர்களிடம் விட்டுவைத்ததும் உண்மை. ஆகவே உரித்தோடு பாதுகாப்பும் சேர்ந்து வர வேண்டும்.

என் பரிந்துரைகள் இவை.

ஒன்று, ஒவ்வொரு பிரதேச செயலகமும் தன் எல்லைக்குள் எந்தத் துண்டு பெர்மிட், எது அளிப்பு, எது தனியார் உறுதி என்பதைக் காணி இலக்கத்தோடு பொதுமக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும். வாங்க வருகிறவர் ஒரு விண்ணப்பத்தில் ஒரு வாரத்துக்குள் எழுத்துமூலப் பதில் பெற வேண்டும்.

இரண்டு, தொலைந்த பெர்மிட்டுகளுக்குப் பிரதி வழங்கவும் பின்னுரித்தாளரைப் பதியவும், கிராம அலுவலர் பிரிவு தோறும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது தமிழில் நடமாடும் சேவை நடத்த வேண்டும்.

மூன்று, முழு உரித்து வழங்கும்போது கணவன், மனைவி இருவரின் பெயரும் இடம்பெற வேண்டும். வீடிருக்கும் துண்டை முதல் சில ஆண்டுகளுக்கு இருவரின் சம்மதத்தோடு மட்டுமே விற்கவோ ஈடு வைக்கவோ முடியும் என்ற நிபந்தனை வேண்டும்.

நான்கு, கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண்கள் காணி அலுவல்களுக்கு நீதிமன்ற அனுமதி பெறச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாகத் துணை நிற்க வேண்டும்.

ஐந்து, அளிப்புக் காணியில் முதல் வீடு கட்டுவோருக்கு, பிரதேச செயலாளரின் சம்மதத்தோடு குறைந்த வட்டிக் கடன் கொடுக்கும் திட்டத்தை அரச வங்கிகள் வன்னிக் கிளைகளில் முன்னெடுக்க வேண்டும்.

ஆறு, 13ஆவது திருத்தம் சொன்ன தேசியக் காணி ஆணைக்குழு 1987 முதல் அமைக்கப்படாமலே கிடக்கிறது. மாகாண சபைத் தேர்தலோடு அதையும் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். காணி பற்றிய முடிவுகள் வர்த்தமானியில் திடீரென்று வந்து விழும் நிலை அப்போதுதான் மாறும்.

வாங்குகிறவர் செய்ய வேண்டியவை

ஆவணத்தின் பிரதியை வாங்கி, பெர்மிட்டா அளிப்பா உறுதியா என்று பிரதேச செயலகத்தில் முதலில் கேளுங்கள். விற்பவர் கொண்டுவரும் நொத்தாரிசை விட்டு, உங்களுக்கென்று ஒருவரை அமர்த்துங்கள். நில அளவையாளரோடு போய் எல்லைக்கற்களை நேரில் பாருங்கள். தோம்புத் தேடல் முடியும் வரை முற்பணம் கொடுக்க வேண்டாம். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் சிறு தொகையை வங்கி மூலம் கொடுத்து, உறுதியில் பிழை இருந்தால் திருப்பித் தரப்படும் என்று எழுத்தில் வாங்குங்கள். மழைக்காலத்தில் ஒரு தடவை காணியைப் பாருங்கள். கையில் உள்ள பணத்தில் பத்தில் ஒன்றை உறுதிச் செலவுக்கும் கிணற்றுக்கும் ஒதுக்கி வையுங்கள்.

தரகர் 'இன்றைக்கே எழுதாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்' என்று அவசரப்படுத்தினால், போகட்டும் என்று விடுங்கள். நல்ல உறுதியுள்ள காணி இன்னொன்று கிடைக்கும். தவறான கடதாசிக்குக் கொடுத்த பணம் திரும்பக் கிடைப்பது அரிது.